விளையாட்டு நிலத்தில் ஒரு மலைப்பாதை

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் புவியியல்)

கொல்லிமலை என்றவுடன் தமிழ் படித்தவர் நெஞ்சில் வல்வில் ஓரியின் நினைவு எழும். நாமக்கல் பக்கத்து ஓட்டுநர்களைக் கேட்டால் அவர்கள் சொல்வது வேறு: காரவள்ளியில் தொடங்கிச் சோளக்காடு வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள்! புவியியல் மாணவனாகிய எனக்கு இவ்விரண்டும் வேண்டியவையே. ஆயினும் கடந்த ஆண்டு இந்த மலைப்பாதை எனக்கு ஒரு பாடநூலாகவே ஆயிற்று. எப்படி என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணிப்பொறி அறிவியல் பயிலும் நண்பர்கள் இருவர் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றை உருவாக்க முனைந்தனர். அவ்விளையாட்டுக்கு ஒரு மலையும் அதில் ஏறும் ஒரு சாலையும் தேவைப்பட்டன. "நிலத்தைப் பற்றிப் படிப்பவர் நீர்தாமே; அதற்கான மென்பொருளை நீரே தேர்ந்தெடுத்துக் கொடும்" என்று அப்பொறுப்பை என்னிடம் விட்டனர். நானும் எளிதென்று ஏற்றுக்கொண்டேன். முதல் தேர்விலேயே தவறினேன். அத்தவற்றிலிருந்து கற்றவற்றை மாணவ நண்பர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் முன்வைக்கிறேன்.

மலை எண்ணாக மாறும் விதம்

நாம் வகுப்பில் சமஉயரக்கோடு வரைந்து மலையைக் காட்டுகிறோம். கணிப்பொறியோ மலையை உயரப்படம் என்னும் ஒருவகைப் படமாக வைத்துக்கொள்கிறது. இது கருப்பு வெள்ளைப் படம். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் நிலத்தின் ஓரிடத்தைக் குறிக்கும். கருமை தாழ்வையும் வெண்மை உயரத்தையும் காட்டும். இடைப்பட்ட சாம்பல் நிறங்கள் இடைப்பட்ட உயரங்களாகும்.

இங்கு ஒரு கணக்கை முதலிலேயே அறிந்துகொள்வது நன்று. நாம் அன்றாடம் காணும் சாதாரணப் படங்களில் ஒரு நிறத்துக்கு 8 பிட் இடம் ஒதுக்கப்படுகிறது. அதில் 256 படிகளே உண்டு. 1200 மீட்டர் உயர வேறுபாடுள்ள நிலத்தை இதில் அடக்கினால், ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே 4.7 மீட்டர் வேறுபாடு வந்துவிடும். அதன்மேல் சாலை போட்டால் அது கோயில் படிக்கட்டைப் போல அமையும், கார் ஏறாது. 16 பிட் படத்திலோ 65,536 படிகள் உண்டு. அதே 1200 மீட்டரை அதில் அடக்கினால் ஒரு படி 2 சென்டிமீட்டருக்கும் குறைவே. ஆகவே 16 பிட் உயரப்படத்தை வாங்கவும் கொடுக்கவும் இயலாத எந்த மென்பொருளும் மலைப்பாதைக்கு உதவாது. இஃது என் முதல் விதியாயிற்று.

உயரப்படத்துக்கு இயல்பாகவே ஒரு குறையும் உண்டு. ஓரிடத்துக்கு ஓர் உயரத்தைத்தான் அது சொல்லும். எனவே குடைவரை வழி, சாலையின் மேல் கவிந்து நிற்கும் பாறை, செங்குத்தான தாங்குசுவர் ஆகியவற்றை அதில் காட்ட இயலாது. அவற்றைத் தனி உருவங்களாகச் செய்து நிலத்தின்மேல் பொருத்த வேண்டும்.

கற்பனை மலை செய்யும் மென்பொருள்கள்

கணிப்பொறியில் மலை வரையும் கலைக்கு ஒரு சிறு வரலாறு உண்டு. 1975-இல் மாண்டல்பிராட் என்னும் கணிதவியலார் 'ஃபிராக்டல்' என்ற சொல்லை வழங்கினார். சிறு பகுதியும் முழுமையைப் போலவே கரடுமுரடாக இருக்கும் வடிவங்களுக்கு அது பெயர். 1980-இல் லோரன் கார்ப்பென்டர் இக்கணிதத்தைக் கொண்டு மலைகளின்மேல் பறந்து செல்வது போன்ற ஒரு சிறு படத்தை உருவாக்கிக் காட்டினார். 1985-இல் கென் பெர்லின் தம் பெயரால் வழங்கும் 'பெர்லின் நாய்ஸ்' முறையை வெளியிட்டார். 1989-இல் மஸ்கிரேவும் அவருடைய கூட்டாளிகளும் இவ்வாறு பிறந்த மலைகளை மழைநீர் அரிப்பதைக் கணக்கிட்டுக் காட்டும் முறையை அளித்தனர்.

இன்று வழங்கும் வேர்ல்டு மெஷின், கையா, வேர்ல்டு கிரியேட்டர் முதலிய மென்பொருள்கள் இவ்வழியில் வந்தவை எனலாம். முதலில் ஒரு கரடுமுரடான மேட்டைப் பிறப்பித்து, அதன்மேல் ஆயிரமாயிரம் ஆண்டு மழையைச் சில நிமிடங்களில் பொழிவித்து, ஓடைகளையும் வண்டல் விசிறிகளையும் இவை வெட்டிக் காட்டுகின்றன. புவிப்புறவியல் வகுப்பில் படித்த அரிப்பும் படிவும் கண்முன் நிகழ்வதைக் காணும்போது ஏற்படும் மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஹூடினி என்னும் மென்பொருளிலும் 2017 முதல் இத்தகைய நிலக்கருவிகள் இடம் பெற்றுள்ளன. டெராஜென் என்பது நிலக்காட்சியை ஒளிப்படம் போலத் தீட்டிக் காட்டுவதில் வல்லது.

நான் இம்மகிழ்ச்சியில் மயங்கி, இவ்வகை மென்பொருள் ஒன்றையே தேர்ந்தெடுத்து, மூன்று வாரம் உழைத்து ஒரு மலையைச் செய்தேன். 'கொல்லிமலை' என்று பெயரும் வைத்தேன்.

முதல் தவறு

எங்கள் வகுப்பில் செம்மேட்டுப் பக்கத்திலிருந்து வந்து படிக்கும் தோழர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் பெருமையோடு அப்படத்தைக் காட்டினேன். அவர் சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, "அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இது எங்கள் மலை இல்லையே" என்றார். ஏன் என்று கேட்டேன். "இந்த மலைக்கு உச்சி இருக்கிறது. எங்கள் மலைக்கு மேலே வயலல்லவா இருக்கிறது?" என்றார்.

எனக்கு நாணமாகிவிட்டது. கொல்லிமலை கூர்ந்த சிகரம் அன்று. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் அமைந்த மேட்டுநிலம் அது. மேலே நெல்லும் மரவள்ளியும் அன்னாசியும் மிளகும் விளைகின்றன, ஊர்கள் இருக்கின்றன. பக்கவாட்டுச் சரிவுகள் மட்டுமே செங்குத்தானவை. எழுபது வளைவுகள் ஏன் தேவைப்பட்டன என்பதற்கும் இவ்வமைப்பே விடை. இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். ஆயினும் மென்பொருள் காட்டிய கூர்முனையைக் கண்டு மயங்கி, படித்ததை மறந்துவிட்டேன். பெயர் தாங்கிய ஓர் இடத்தைக் காட்டும்போது அங்கு வாழ்பவர் பார்த்து 'ஆம்' என்று சொல்ல வேண்டும். கற்பனை ஊருக்குக் கற்பனை மலை பொருந்தும். கொல்லிமலைக்கு அளந்த மலையே வேண்டும்.

அளந்த மலை எங்கே கிடைக்கும்?

2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் புவியைச் சுற்றி, ராடார் அலைகளால் நிலத்தின் உயரத்தை அளந்தது. ஓடத்திலிருந்து 60 மீட்டர் நீளக் கம்பம் ஒன்றை நீட்டி, இரு முனைகளிலும் அலைவாங்கிகளை வைத்து, இரு கண்களால் பார்ப்பதைப் போல அது அளந்தது. எஸ்.ஆர்.டி.எம். எனப்படும் அத்தரவை இன்று யாரும் கட்டணமின்றிப் பெறலாம். ஐரோப்பியரின் கோப்பர்நிக்கஸ் உயரத்தரவும் அவ்வாறே கிடைக்கிறது. நம் நாடு 2005-இல் ஏவிய கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோளின் படங்களிலிருந்து தயாரித்த உயரத்தரவை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் புவன் தளம் வழங்குகிறது.

இவை யாவும் ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஓர் அளவு வீதம் தருபவை. இந்த 30 மீட்டர் என்பதன் பொருளை உணர எனக்குச் சில நாள் பிடித்தது. எங்கள் விளையாட்டு நிலம் பக்கத்துக்கு 4033 புள்ளிகள் கொண்டது. புள்ளிக்குப் புள்ளி 2 மீட்டர் இடைவெளி. ஆக, ஒரு பக்கம் 8064 மீட்டர். மொத்தப் புள்ளிகள் 1 கோடியே 62 இலட்சத்துக்கும் மேல். ஆனால் அப்பரப்புக்குள் விண்ணோடம் அளந்த இடங்கள் பக்கத்துக்கு 265 வீதம் சுமார் 70,000 மட்டுமே. அதாவது ஏறத்தாழ 230 புள்ளிகளில் ஒன்றே அளந்தது. மற்றவை கணிப்பொறி இடையிட்டு நிரப்பியவை. அளந்த மலை என்று நாம் பெருமை கொள்வதிலும் பெரும்பகுதி ஊகமே என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

மேலும், ராடார் அலை அடர்ந்த காட்டில் தரையை முழுமையாக எட்டுவதில்லை. மரத்தலைகளில் பட்டுத் திரும்புவதும் உண்டு. எனவே காட்டுப் பகுதியில் நிலம் சற்று உயர்ந்து தோன்றும். மலையின் பொது வடிவத்துக்கு இத்தரவு போதும். சாலையின் வடிவத்துக்குப் போதாது என்று முடிவு செய்தேன்.

சாலையின் கணக்கு

மலைப்பாதைகளுக்கு இந்தியச் சாலைப் பேராயம் விதிகள் வகுத்துள்ளது. கடல்மட்டத்திலிருந்து 3000 மீட்டர் வரையுள்ள செங்குத்துச் சரிவுகளில் பொதுவான ஏற்றம் நூற்றுக்கு 6 என்பது அவ்விதி. கொண்டை ஊசி வளைவில் உள்வளைவின் ஆரம் 14 மீட்டருக்குக் குறையலாகாது. வளைவுக்குள் ஏற்றம் 40-க்கு 1 என்பதைத் தாண்டலாகாது. அடுத்தடுத்த இரு வளைவுகளுக்கிடையே குறைந்தது 60 மீட்டர் நேர்பாதை வேண்டும். வளைவில் சாலையின் வெளிவிளிம்பை உள்விளிம்பைவிட உயர்த்தி, பத்துக்கு ஒன்று வீதம் சாய்வு தர வேண்டும். வளைவைக் கடக்கும் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்று கொண்டே இவை வகுக்கப்பட்டுள்ளன.

இவ்விதிகளை வைத்து ஒரு மாதிரிக் கணக்குப் போட்டேன். இது களத்தில் அளந்தது அன்று. புரிந்துகொள்வதற்காக நானே வகுத்தது. 20 கிலோமீட்டர்ப் பாதையை 70 வளைவுகளுக்குப் பங்கிட்டால் ஒரு வளைவுக்கு ஏறத்தாழ 285 மீட்டர் கிடைக்கும். அதில் வளைவுக்கு 60 மீட்டர் போக, மீதி 225 மீட்டர். வளைவுக்குள் 40-க்கு 1 வீதம் 1.5 மீட்டரும், மீதிப் பாதையில் 18-க்கு 1 வீதம் 12.5 மீட்டரும் ஏறலாம். ஆக, வளைவுக்கு 14 மீட்டர். எழுபது வளைவுகளில் 980 மீட்டர். மலையடிவாரத்திலிருந்து மேட்டுநிலம் வரையுள்ள ஏற்றத்துக்கு இது ஏறத்தாழப் பொருந்திவிட்டது! எழுபது என்னும் எண் எங்கோ தற்செயலாக வந்தது அன்று, மலையின் உயரமும் வண்டியின் ஆற்றலும் சேர்ந்து வகுத்த எண் என்று அன்று உணர்ந்தேன்.

இனி, 14 மீட்டர் ஆரமுள்ள வளைவு எதிரெதிர்ப் பாதைகளுக்கிடையே 28 மீட்டர் இடம்தான் விடுகிறது. தரவின் ஒரு கட்டமோ 30 மீட்டர். கொண்டை ஊசி வளைவு முழுவதும் ஏறக்குறைய ஒரே கட்டத்துக்குள் மறைந்துவிடுகிறது. தரவை மட்டும் நம்பினால் சாலை ஒருபோதும் கிடைக்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மென்பொருளுக்கு நான் வைத்த தேர்வு

இத்தனையும் அறிந்தபின் மென்பொருள்களிடம் நான்கு கேள்விகள் கேட்டேன்.

1. அளந்த உயரத்தரவை, அட்டவீச்சு மாறாமல் ஏற்குமா?

2. 16 பிட் உயரப்படத்தைத் தடையின்றிக் கையாளுமா?

3. நான் வரையும் வளைகோட்டுக்கு ஏற்ப நிலத்தை வெட்டியும் நிரப்பியும் தருமா? வரைந்த கோட்டைப் பின்னர் நகர்த்தினால் நிலம் பழைய நிலைக்குத் திரும்புமா?

4. மாணவன் கைக்கு எட்டும் விலையில், நம்மிடமுள்ள கணிப்பொறியில் ஓடுமா?

இவற்றுள் மூன்றாவது கேள்வியே முக்கியமானது. சாலைப் பொறியாளர் மலையை ஒருபுறம் வெட்டி, அந்த மண்ணை மறுபுறம் கொட்டிப் பாதை அமைப்பார். மென்பொருளும் அதையே செய்ய வேண்டும். நிலத்தின்மேல் சாலைப் படத்தை ஒட்டுவது மட்டும் போதாது. அவ்வாறு ஒட்டினால் சரிவில் சாலையும் சாய்ந்து, கார் பள்ளத்தில் உருளும்.

கற்பனை மலை செய்யும் மென்பொருள்கள் இரண்டாம் கேள்வியில் தேறின. வெளியுயரப்படத்தையும் ஏற்கின்றன. ஆயினும் இலவசப் பதிப்புகளில் வெளியீட்டின் அளவு குறைக்கப்பட்டிருப்பது மாணவனுக்குத் தடை. அவற்றின் தனித்திறமை அரிப்பு. அதை நான் அறவே ஒதுக்கவில்லை.

கியூஜிஐஎஸ் என்னும் புவித்தகவல் மென்பொருள் முற்றிலும் இலவசம். முதல் கேள்விக்கு இதனினும் சிறந்த விடை இல்லை. தரவைப் பாகை அளவிலிருந்து மீட்டர் அளவுக்கு மாற்றி, வேண்டிய சதுரத்தை வெட்டி, உயரப்படமாகத் தருவதற்கு இது போதும். ஆனால் நிலத்தை வெட்டி நிரப்புவது இதன் வேலை அன்று.

பிளெண்டர் 2002 முதல் திறந்த மூலமாக வழங்கும் முப்பரிமாண மென்பொருள், இதுவும் இலவசம். தாங்குசுவர், கைப்பிடிச்சுவர், மைல்கல், சிறுபாலம் ஆகியவற்றைச் செய்ய மிக உகந்தது. ஆனால் 1 கோடியே 62 இலட்சம் புள்ளிகளையும் அதில் ஏற்றியபோது எங்கள் கணிப்பொறி மூச்சுத் திணறிற்று.

விளையாட்டு இயந்திரங்கள் எனப்படுபவற்றுள் அன்ரியல் இயந்திரத்தின் நிலப்பகுதிக் கருவியில் வளைகோடு வரையும் வசதி உள்ளது. கோட்டின் அகலத்தையும், இருபுறமும் நிலம் எவ்வளவு தொலைவில் சாலையோடு இணைய வேண்டும் என்பதையும் நாமே சொல்லலாம். சாலைக்காகச் செய்த மாற்றம் தனி அடுக்கில் நிற்பதால் மூல நிலம் கெடுவதில்லை. யூனிட்டியிலும் நிலக்கருவி நன்றாகவே உள்ளது. ஆயினும் நிலத்தை வெட்டும் சாலைக்குத் துணைக்கருவி ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மேத்வொர்க்ஸ் நிறுவனத்தின் ரோடுரன்னர் சாலைகளுக்கென்றே அமைந்தது. ஓட்டுநரின்றி ஓடும் கார்களைச் சோதிப்போர் பயன்படுத்துவது. அதன் விலை நமக்கு எட்டாதது.

ஆகவே, ஒரே மென்பொருள் எல்லாவற்றையும் செய்யும் என்று தேடியதுதான் என் தவறு என்று கண்டேன். நிலத்துக்குக் கியூஜிஐஎஸ், சுவர்களுக்குப் பிளெண்டர், சாலைக்கு அன்ரியல் என்று வேலையைப் பிரித்துக்கொண்டேன்.

செய்த முறை

முதலில் உயரத்தரவைப் பெற்று, யு.டி.எம். 44-ஆம் மண்டல அளவுக்கு மாற்றினேன். 2 மீட்டர் இடைவெளிக்கு மென்மையாக நிரப்பி, 16 பிட் படமாக எடுத்தேன். நிரப்பிய நிலம் மெழுகு பூசியதைப் போல வழுவழுப்பாக இருந்தது. கற்பனை மலை மென்பொருளை இங்கே அழைத்து, மெல்லிய அரிப்பை மட்டும் சேர்த்தேன். அரிப்பைச் சாலைக்கு முன்னரே முடித்துவிட வேண்டும். சாலை போட்டபின் மழை பெய்வித்தால் அது சாலையையும் அரித்துவிடும்; நான் ஒருமுறை அவ்வாறு செய்து ஏழு வளைவுகளை இழந்தேன்.

இயந்திரத்துள் நிலத்தை ஏற்றும்போது ஓர் எச்சரிக்கை. அன்ரியல் இயல்பாக 16 பிட் படத்தின் முழு வீச்சையும் 512 மீட்டராகவே கொள்ளும். 1200 மீட்டர் மலைக்கு உயர அளவை 100-லிருந்து 234.375 ஆக்க வேண்டும். இதைச் செய்யாவிடில் மலை பாதியாகக் குறுகிவிடும்.

பின்னர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்திலிருந்து சாலையின் நடுக்கோட்டை எடுத்துக்கொண்டேன். பயன்படுத்துவோர் அவ்வரைபடத்தின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. நடுக்கோட்டின் உயரங்களை நிலத்திலிருந்து எடுக்காமல், மேற்சொன்ன கணக்கின்படி 20 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் நானே கணித்துக் கொடுத்தேன். நிலத்தைச் சாலையின் உயரத்துக்கு வெட்டும் வேலையை இயந்திரம் செய்தது. வெட்டு மிக ஆழமான இடங்களில் தாங்குசுவர் வைத்தேன்.

வேகமும் வளைவும்

வேலை முடிந்து நண்பர்கள் ஓட்டிப் பார்த்தபோது ஒரு வழக்கு எழுந்தது. முதல் வளைவிலேயே கார் வெளியே பாய்ந்தது. "வளைவுகளை அகலப்படுத்தும்" என்றனர். நான் இயற்பியல் விதியைக் காட்டினேன். வேகத்தின் இருபடியை 127-ஆலும் ஆரத்தாலும் வகுத்தால், சாலையின் சாய்வும் டயரின் பிடிப்பும் சேர்ந்து தாங்க வேண்டிய அளவு கிடைக்கும். 14 மீட்டர் ஆரத்தில் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு அது 0.22, சாய்வு 0.10 போக, டயருக்கு 0.12 தான் மிச்சம். மழையிலும் வண்டி நிற்கும். 40 கிலோமீட்டருக்கு 0.90, உலர்ந்த சாலையில் நல்ல டயர் தத்தளித்துத் தப்பலாம். 60 கிலோமீட்டருக்கோ 2.02, சாதாரணக் கார் எதுவும் தாங்காது. அவர்கள் 60-இல் ஓட்டியிருந்தனர்!

வளைவை அகலப்படுத்தினால் பாதை நீளும். அல்லது ஏற்றம் கூடும். மலைச்சரிவில் இடமும் போதாது. எழுபது வளைவு நாற்பதாகிவிடும். அப்புறம் அது கொல்லிமலையாக இராது. நெடுநேரம் வாதிட்டபின் வளைவுகளை அப்படியே விட்டுவிட முடிவாயிற்று. அதற்குப் பதிலாக, வளைவுக்கு முன் வளைவின் எண்ணைத் தாங்கிய பலகையை வைத்தோம். விளையாடுபவர் வேகத்தைக் குறைக்கக் கற்றுக்கொள்வார். மெய்யான மலைக்குப் போகும் நாளில் அப்பழக்கம் அவருக்கு உதவக்கூடும்.

முடிவுரை

மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது என்பது பெயர்ப்பட்டியலிலிருந்து ஒன்றைப் பொறுக்குவது என்று எண்ணியிருந்தேன். நமக்கு வேண்டியது கற்பனை மலையா அளந்த மலையா, அளந்ததில் எவ்வளவு அளந்தது, எவ்வளவு ஊகம், சாலை எந்த விதியால் வளைகிறது என்பவற்றை முதலில் தெளிந்துகொண்டால், மென்பொருள் தானே அமைந்துவிடும். இதற்குப் புவியியலும் வேண்டும், கணிதமும் வேண்டும், இயற்பியலும் வேண்டும். துறைகள் தனித்தனிக் கட்டடங்களில் இருப்பினும் மலைமேல் ஒன்றாகவே ஏறுகின்றன.

சென்ற மாதம் செம்மேட்டுத் தோழரை மீண்டும் அழைத்து ஓட்டச் சொன்னேன். அவர் பேசாமல் மெதுவாக ஓட்டிச் சென்றார். எழுபதாம் வளைவைத் தாண்டி நிலம் சமன்பட்டதும் காரை நிறுத்தி, "இங்கே ஒரு டீக்கடை வைத்துவிடுங்கள்" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டை நான் எதிர்பார்க்கவில்லை. டீக்கடையைப் பிளெண்டரில் செய்துகொண்டிருக்கிறேன்.